டோட்டல் என்ற பெயர் உல்லைக்கு வந்த வழி

அறுகம்பேயில் மே மாதம் தொடங்கும் சீசன் ஒக்டோபர் வரை ஓடும். ஊர்ச்சனம் உல்லை என்று சொல்லும் அந்தக் கரைக்கு, பொத்துவில் பக்கமிருந்து பாலத்தைக் கடந்து வந்தால் வீதியின் இரண்டு பக்கமும் விருந்தினர் விடுதிகள்தான். அறை வாடகை, காலைச் சாப்பாடு, சேர்ஃப் போர்ட் வாடகை, ஒக்கந்தை வரைக்கும் போய்வந்த ஓட்டோக் கூலி எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு பில் வரும். பெரிய ஹோட்டல்களில் அதற்கென்று தனி மென்பொருள் இருக்கும். நாலைந்து அறை வைத்திருப்பவர் எக்செல் கோப்பில் ஒரு பொத்தானை அமுக்கித்தான் பில் எடுக்கிறார். பொத்தானுக்குப் பின்னால் ஒரு மேக்ரோ. அந்த மேக்ரோவுக்குள் அநேகமாக ஒரு பெயர் இருக்கும்: டோட்டல்.

கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் இப்படியான மேக்ரோக்களைத் திருத்திக் கொடுப்பது எனக்கு வேலை. ஊர்ப் பொடியன் ஒருவன் எழுதிக் கொடுத்திருப்பான், பிறகு கட்டாருக்கோ சவூதிக்கோ போயிருப்பான், கோப்பு மட்டும் விடுதியில் தங்கிவிடும். யார் எழுதியிருந்தாலும் டோட்டல் என்ற பெயரைப் பார்க்கிறேன். அந்தப் பெயரை ஒரு மாறிக்கு வைக்க ஒரு காலத்தில் வழியே இருக்கவில்லை. அது இங்கே வந்து சேர்ந்த வழியைத் தெரிந்துகொண்டவர்களுக்கு, பில் ஏன் சில நாட்களில் பிழைக்கிறது என்பதும் விளங்கும்.

1964 மே 1ஆம் திகதி விடியற்காலை நாலு மணிக்கு, அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பேசிக் மொழி முதன்முதலாக ஓடியது. ஜோன் கெமனி, தோமஸ் கேர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் அதை வடிவமைத்தார்கள். விஞ்ஞானம் படிக்காத மாணவரும் கணினியில் வேலை செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். ஆகவே மொழியை முடிந்தவரை எளிமையாக்கினார்கள். ஒரு மாறிக்குப் பெயர் என்றால் ஓர் ஆங்கில எழுத்து, அல்லது ஓர் எழுத்தும் பக்கத்தில் ஓர் இலக்கமும். டீ என்று வைக்கலாம், டீ1 என்று வைக்கலாம். 26 எழுத்து, ஒவ்வோர் எழுத்தோடும் பத்து இலக்கம் சேர்ந்த 260, ஆக உலகத்தில் இருந்ததே 286 பெயர்கள். டோட்டல் என்று எழுத வழியில்லை.

இன்னொரு எளிமையையும் அவர்கள் கொடுத்தார்கள். மாறியை முன்கூட்டி அறிவிக்கத் தேவையில்லை. வரியில் பெயரை எழுதினால் அந்த இடத்திலேயே அது பிறந்துவிடும். டிம் என்ற கட்டளை அப்போது அணிகளுக்கு அளவு சொல்வதற்கு மட்டுமே இருந்தது. இன்று எல்லா மாறிகளையும் அறிவிக்க நாம் எழுதும் டிம் அதே சொல்தான். 1964இல் இந்தத் தாராளத்தில் ஆபத்து குறைவு. பெயரே ஓர் எழுத்து என்றால் அதில் எழுத்துப்பிழை விட எவ்வளவு இடம் இருக்கும்? பெயர்கள் நீண்ட பிறகும் அந்தத் தாராளம் மாறாமல் கூடவே வந்ததுதான் வினை. உல்லை விடுதிக்காரர் இன்று அனுபவிக்கும் தொல்லையில் பாதி அங்கே தொடங்குகிறது.

1975இல் பில் கேட்ஸும் போல் அலனும் அல்டெயர் என்ற சிறு கணினிக்குப் பேசிக் எழுதினார்கள். மைக்ரோசொப்ட் கம்பனியின் முதல் சரக்கு அதுதான். அந்த வழியில் வந்த பேசிக், வீட்டுக் கணினிகள் பலவற்றுக்குள் போனது. 1982இல் வந்த கொமடோர் 64 அவற்றில் பேர்போனது. இதில் நீளமான பெயர் எழுதலாம், ஆனால் கணினி முதல் இரண்டு எழுத்தைத்தான் கணக்கில் எடுக்கும். ஆங்கிலத்தில் ஆர், ஓ என்ற அதே இரண்டு எழுத்தில் தொடங்குவதால் ரூம் என்ற மாறியும் ரொட்டி என்ற மாறியும் அதற்கு ஒன்றே. அறை வாடகையை ஒன்றில் போட்டு, ரொட்டிக் காசை மற்றதில் போட்டால், பின்னால் போட்டது முன்னால் போட்டதை அழித்துவிடும். டோட்டலுக்கு நடந்தது இன்னும் மோசம். அந்த பேசிக் வரியை இடமிருந்து வலமாக வாசித்து, எங்கே கட்டளைச் சொல் தெரிகிறதோ அங்கே அதைப் பிடுங்கி எடுக்கும், சொல்லுக்கு நடுவில் இருந்தாலும் விடாது. டோட்டலின் முதல் இரண்டு ஆங்கில எழுத்தும், ஒன்றிலிருந்து பத்து வரை என்று சுற்றை ஓட்டுவதற்கான கட்டளைச் சொல். ஆகவே டோட்டல் என்று எழுதியவருக்குக் கிடைத்தது சின்டெக்ஸ் எரர். மனிதர் ஒரு பெயராக வாசிப்பதைக் கணினி ஒரு கட்டளையும் மூன்று எழுத்துத் துண்டுமாக வாசித்தது.

பிறகு வந்த பேசிக்குகளில் முழுப் பெயரும் கணக்கில் எடுக்கப்பட்டது. கட்டளைச் சொல் பெயருக்குள் புதைந்திருந்தாலும் பரவாயில்லை என்றானது. 1991இல் விசுவல் பேசிக் வெளிவந்தது. அதன் அடுத்த பதிப்பில் வேரியன்ட் என்ற ஒரு வகை சேர்ந்தது. எண்ணோ சொல்லோ திகதியோ, எதைப் போட்டாலும் ஏந்திக்கொள்ளும் பாத்திரம் அது. வகை சொல்லாமல் விட்ட மாறி எல்லாம் வேரியன்ட் ஆகிவிடும். 1993இல் எக்செலின் ஐந்தாம் பதிப்போடு இந்த மொழி அலுவலக மென்பொருளுக்குள் குடிவந்தது. அதைத்தான் வீபீஏ என்கிறோம். இன்னொரு கிளை ஜேர்மனியில் வளர்ந்தது. லூனபேர்க் என்ற ஊரில் மார்கோ போரிஸ் 1985இல் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் கம்பனி, தன் ஸ்டார் ஒபிஸுக்கு ஸ்டார் பேசிக்கை எழுதியது. 1999இல் சன் கம்பனி அதை வாங்கியது, 2000இல் மூலநிரலைத் திறந்துவிட்டது, 2010இல் லிப்ரே ஒபிஸ் தனியாகப் பிரிந்தது. லைசன்ஸுக்குக் காசு கட்ட முடியாத கடைகளும் சங்கங்களும் இன்று நாடுவது அதைத்தான்.

இப்படி வந்து சேர்ந்த டோட்டலுக்கு, கூடவே ஒரு பழைய உடம்பும் இருந்தது. பேசிக் வளர்ந்த அந்தச் சிறு கணினிகள் முழு எண்ணைப் பதினாறு பிட்டில் வைத்தன. அதில் அடங்கும் ஆகப் பெரிய எண் 32,767. வீபீஏயில் இன்டிஜர் என்று அறிவித்த மாறிக்கு இன்றைக்கும் அதுதான் எல்லை. லிப்ரே ஒபிஸிலும் அதே எல்லை. கணினி அறுபத்து நாலு பிட்டுக்கு மாறிய பிறகும் பழைய கோப்புகள் ஓட வேண்டும் என்பதற்காக இந்த எல்லையை ஒருவரும் தொடவில்லை.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. நூறு டொலர் பில் என்றால் இருபதாயிரம் ரூபா. அந்த மார்ச் மாதத்தில் மத்திய வங்கி ரூபாவின் பெறுமதியைத் தளர விட்டது. மே மாதத்தில் டொலர் 360 ரூபா அளவுக்குப் போனது. அதே நூறு டொலர் முப்பத்தாறாயிரம் ஆனது. நடுவில் இருக்கிறது 32,767. அதுவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிய இன்டிஜர் டோட்டல், வெள்ளைக்காரர் நாலு நாள் தங்கிய பில்லில் ஓவர்ஃப்ளோ என்று சொல்லி நின்றது.

"தம்பி, நேத்து வரைக்கும் நல்லா வேல செஞ்ச சாமான், இண்டைக்கி என்னத்துக்கு இப்பிடி நிக்குது?" என்று விடுதிக்காரர் கேட்டார். "காக்கா, சாமான் பழுதாகல்ல. அதுக்குள்ள வெச்ச பாத்திரம் சின்னது, காசு பெருசாப் போச்சு" என்றேன்.

டோட்டலை லோங் என்று மாற்றினால் எல்லை இருநூற்றுப் பதினாலு கோடிக்கு மேல் போய்விடும். பலர் அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். முடியாது. இரவுகள் என்ற மாறியில் 4, கட்டணம் என்ற மாறியில் 9,000, இரண்டும் இன்டிஜர் என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கி டோட்டலில் போடு என்று சொன்னால், வீபீஏ முதலில் பெருக்கலைச் செய்யும். இன்டிஜரை இன்டிஜரால் பெருக்கினால் விடையையும் இன்டிஜருக்குள்தான் வைக்கப் பார்க்கும். 36,000 அதற்குள் அடங்காது. டோட்டல் எவ்வளவு அகலமாகக் காத்திருந்தாலும் விடை அதன் வாசலுக்கு வந்து சேர்வதற்கு முன்பே வழியில் விழுந்துவிடும். வலது பக்கத்தில் நிற்கிறவர்களின் வகையையும் மாற்ற வேண்டும். காசு என்றால் கரன்சி என்ற வகை இருக்கிறது. நாலு தசம தானம் வரைக்கும் சரியாக வைக்கும், நம் ஊர் வியாபாரம் எதுவும் அதன் எல்லையைத் தொடாது. ரூபாக் கணக்குக்கு நான் வேறு வகை போடுவதில்லை.

ஆனாலும் ஓவர்ஃப்ளோவை நான் நல்ல பிழை என்றே சொல்வேன். அது வாயைத் திறந்து சொல்கிறது, வேலையை நிறுத்துகிறது. சொல்லாமல் கழுத்தறுக்கிற பிழை வேறு. டார்ட்மத்தில் கொடுத்த அந்தத் தாராளத்திலிருந்து வருவது அது.

மேக்ரோவில் ஒரு சுற்று இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் உள்ள தொகையை எடுத்து டோட்டலோடு கூட்ட வேண்டும். எழுதியவர் ஓரிடத்தில் ஏயை விட்டு டோட்ல் என்று அடித்துவிட்டார். வாசிக்கிற மனிதருக்கு அது எழுத்துப்பிழை. வீபீஏக்கு அது இதுவரை கேள்விப்படாத ஒரு புதிய பெயர். புதிய பெயர் வந்தால் என்ன செய்வது என்று 1964இல் தீர்மானித்தாகிவிட்டது: பிறக்கட்டும். டோட்ல் என்ற வேரியன்ட் ஒன்று எம்ப்டி என்ற வெறுமையோடு பிறக்கிறது. இந்த எம்ப்டி கூட்டல் நடக்கும் இடத்தில் பூச்சியமாகும், சொற்களை ஒட்டும் இடத்தில் வெற்றுச் சொல்லாகும், எங்கே வைத்தாலும் அங்கே பொருந்திப்போகும். சேர்ஃப் போர்ட் வாடகை முழுவதும் டோட்லில் போய்ச் சேரும். பில்லில் அச்சாவது டோட்டல். வாடகை இல்லாத பில் வாடிக்கையாளர் கைக்குப் போகும். எந்த எச்சரிக்கையும் வராது. மாதக் கணக்கு முடிக்கும்போது காசு குறைகிறது என்று விடுதிக்காரர் வேலைக்கு நின்ற பொடியனைச் சந்தேகிப்பார்.

இதற்கு மருந்து ஒரு வரி. மொட்யூலின் தலையில் ஒப்ஷன் எக்ஸ்பிளிசிட் என்று எழுதிவிட்டால், டிம் போட்டு அறிவிக்காத எந்தப் பெயரையும் மொழி ஏற்காது. டோட்லைக் கண்டதும் வேரியபிள் நொட் டிஃபைன்ட் என்று நிற்கும். வீபீஏ எடிட்டரின் டூல்ஸ், ஒப்ஷன்ஸ் பகுதியில் ரிக்வயர் வேரியபிள் டிக்ளரேஷன் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் சரி போட்டால், அதற்குப் பிறகு உருவாக்கும் ஒவ்வொரு மொட்யூலிலும் அந்த வரி தானாகவே வந்துவிடும். ஏற்கெனவே இருக்கிற மொட்யூல்களில் நாமே போய் எழுத வேண்டும். எக்செலை நிறுவும்போது அந்தப் பெட்டி சரி போடப்படாமல்தான் வருகிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதை அப்படியே விட்டு வைத்திருப்பது தவறு என்று நான் நினைக்கிறேன். மேக்ரோ எழுதிப் பழகும் பிள்ளைக்குத்தான் அந்தக் காவல் முதலில் தேவை.

எடிட்டரோடு பழகியவர்களுக்கு இன்னொரு கைப்பழக்கமும் உண்டு. இந்த மொழிக்குப் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். டிம் வரியில் டோட்டலைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதிவிட்டு, மற்ற இடத்திலெல்லாம் சின்ன எழுத்திலேயே அடிப்பேன். வரியை விட்டு வெளியே வந்ததும் எடிட்டர் முதல் எழுத்தைத் தானே பெரிதாக்கும். பெரிதாகவில்லை என்றால் பெயர் பிழை, அங்கேயே திருத்திவிடலாம்.

டிம் போடுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வாடகை, டோட்டல் அஸ் லோங் என்று ஒரே வரியில் இரண்டு பெயரை எழுதினால், இரண்டும் லோங் என்றுதான் எவரும் நினைப்பார். வீபீஏ அப்படி வாசிக்காது. லோங் ஆவது கடைசிப் பெயர் மட்டும். முன்னால் இருக்கும் வாடகை வேரியன்ட். ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக வகை எழுத வேண்டும்.

பெயர் பிறந்த பிறகு அது எங்கே செல்லுபடியாகும் என்பது அடுத்த கேள்வி. எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரே தெருவில் மூன்று றிஸ்வான் இருப்பார்கள். அந்தத் தெருவுக்குள் வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டால் அந்த வீட்டு றிஸ்வான்தான் திரும்பிப் பார்ப்பார். தபாலில் கடிதம் வர வேண்டும் என்றால் எம்.ஐ.எம்., ஏ.எல்.எம். என்று முதலெழுத்துகள் முன்னால் நிற்க வேண்டும். வீபீஏயும் இப்படித்தான் தேடுகிறது. முதலில் ஓடிக்கொண்டிருக்கும் புரோசீஜருக்குள் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் மொட்யூலின் தலையில் பார்க்கும். அங்கும் இல்லாவிட்டால் மற்ற மொட்யூல்களில் பப்ளிக் என்று அறிவித்தவற்றைப் பார்க்கும். கடைசியாகத்தான் மொழியோடு கூட வரும் நூலகங்களுக்குப் போகும். உள்ளே இருப்பது வெளியே இருப்பதை மறைத்துவிடும். மாறிக்கு லெஃப்ட் என்று பெயர் வைத்த ஒருவர், அதே புரோசீஜரில் சொல்லின் இடது பக்க எழுத்துகளை வெட்டும் லெஃப்ட் என்ற செயற்கூற்றைக் கூப்பிட முடியாமல் திணறுவது இதனால்தான். இரண்டு மொட்யூலில் டோட்டல் இருந்தால் மொட்யூல் பெயரை முன்னால் எழுதி, புள்ளி வைத்து, பிறகு டோட்டல் என்று எழுத வேண்டும்.

புரோசீஜருக்குள் டிம் போட்ட டோட்டல், எண்ட் சப் வந்ததும் இறந்துவிடும். அடுத்த தடவை பொத்தானை அமுக்கினால் பூச்சியத்திலிருந்து புதிதாகப் பிறக்கும். டிம்முக்குப் பதிலாக ஸ்டாட்டிக் என்று எழுதினால் பழைய பெறுமதியை வைத்துக்கொண்டே இருக்கும். நேற்றைய விருந்தாளியின் தொகை இன்றைய பில்லில் ஏறுவதற்கு இது ஒரு வழி. லிப்ரே ஒபிஸில் குளோபல் என்று அறிவித்தால் மேக்ரோ முடிந்த பிறகும் பெறுமதி தங்கும். எக்செல் கோப்பை அங்கே திறக்கும்போது ஒப்ஷன் வீபீஏ சப்போர்ட் 1 என்ற வரி மொட்யூலின் மேலே தானாக ஏறியிருப்பதைப் பார்க்கலாம். பக்கத்து நாட்டிலிருந்து வந்த பெயர்களை அவற்றின் ஊர் வழக்கப்படி வாசி என்று லிப்ரே ஒபிஸுக்குச் சொல்லும் வரி அது. தேவையில்லாத வரி என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், பெயர்கள் திசை தெரியாமல் நிற்கும்.

டோட்டல் ஒரு தொகை. கூட்டலாம், கழிக்கலாம். விடுதியின் அதே கோப்பில் இன்னொரு நிரல் இருக்கிறது: தேசிய அடையாள அட்டை இலக்கம். உள்நாட்டு விருந்தாளி வந்தால் எழுத வேண்டியது. இலக்கங்களால் ஆனாலும் அது ஓர் ஆளின் பெயர். அதைத் தொகையாக வாசித்தால்தான் எல்லாச் சீரழிவும் தொடங்கும்.

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972இலிருந்து இலங்கையில் அடையாள அட்டை கொடுக்கிறார்கள். பழைய இலக்கத்தில் ஒன்பது இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் என்ற எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டப்படும். 2016இலிருந்து எழுத்து போய்விட்டது, இலக்கம் பன்னிரண்டானது. பிறந்த ஆண்டு நாலு இலக்கமாக நீண்டது. பழையதைப் புதியதாக்க முன்னால் 19 சேர்த்து, நாளுக்குப் பிறகு ஒரு பூச்சியத்தை நுழைத்தால் சரி.

பழைய இலக்கத்தை எக்செல் தொடவில்லை. கடைசியில் எழுத்து இருப்பதால் அதைச் சொல்லாகவே வைத்தது. எழுத்து போனதும் எக்செல் அதை எண் என்று எடுத்துக்கொண்டது. சாதாரணக் கட்டத்தில் பன்னிரண்டு இலக்க எண் அடித்தால் முழுசாகக் காட்டாது. தசமப் புள்ளி வைத்து, பின்னால் ஈ கூட்டல் 11 என்று சுருக்கிக் காட்டும். கட்டத்துக்குள் எண் முழுசாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோலத்திலேயே சீஎஸ்வீ கோப்பாகச் சேமித்தால் காட்டப்பட்ட சுருக்கம்தான் கோப்பில் எழுதப்படும், மீதி இலக்கங்கள் திரும்பி வராது. மேக்ரோவிலும் இதே கதை. பழைய இலக்கத்தின் வீயை வெட்டிவிட்டு லோங் மாறியில் போட்டால் அடங்கும், ஒன்பது இலக்கம் எதுவும் இருநூற்றுப் பதினாலு கோடியைத் தாண்டாது. பன்னிரண்டு இலக்கம் வந்ததும் ஓவர்ஃப்ளோ. டபிள் என்று மாற்றினால் அடங்கும். அதுவும் சரியான மருந்து இல்லை, ஓர் ஆளின் அடையாளத்தைத் தசமப் புள்ளியோடு வைக்கிற வகைக்குள் தள்ளுவது அது. ஸ்ட்ரிங் என்று அறிவிப்பதே முறை. கட்டத்தையும் டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டே அடிக்க வேண்டும். கல்முனைத் தொலைபேசியின் 067, பொத்துவிலின் 063 ஆகியவற்றின் முன்னால் நிற்கும் பூச்சியம் காணாமற் போவதும் இந்தக் காரணத்தால்தான்.

இலக்கத்திலிருந்து பிறந்த நாளை எடுக்க மேக்ரோ எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அட்டை இலக்கத்தில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்தே எண்ணுகிறார்கள். மார்ச் முதலாம் திகதி எந்த ஆண்டிலும் 061, பெண்ணுக்கு 561. வீபீஏயின் டேட்சீரியலுக்கு 1985, ஜனவரி, 61 என்று கொடுத்தால் அது மார்ச் 2 என்று சொல்லும். நெட்டாண்டு அல்லாத ஆண்டில் மார்ச்சிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் கூடிப்போகும்.

ஓர் அடையாளத்தை எக்செல் தன் இஷ்டத்துக்கு வாசித்துக் கெடுத்த மிகப் பெரிய கதை மரபணு ஆய்வில் நடந்தது. மார்ச்1, செப்ட்1 என்று ஒலிக்கும் சுருக்கப் பெயர்கள் சில மரபணுக்களுக்கு இருந்தன. எக்செல் அவற்றைத் திகதி ஆக்கியது. எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருக்கிறது என்று 2016இல் ஒரு ஆய்வு காட்டியது. 2020இல் மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மாற்றியது. மைக்ரோசொப்ட் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதியைக் கொடுத்தது 2023இல். நம் விடுதியில் முதலாம் மாடி இரண்டாம் அறைக்கு 1-2 என்று பெயர் வைத்தாலும் அதே கதிதான். கணினியின் அமைப்பு நாளை முன்னால் எழுதும் முறையில் இருந்தால் அது பெப்ரவரி முதலாம் திகதி, அமெரிக்க முறையில் இருந்தால் ஜனவரி இரண்டாம் திகதி.

ஆட்களின் பெயர்களிலோ இன்னொரு திருகல். மாறியின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காத இந்த மொழி, மாறிக்குள் இருக்கும் சொற்களை ஒப்பிடும்போது கண்டிப்பாகப் பார்க்கும். ஃபாரூக் என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் மட்டும் எழுதியவரும், முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கி எழுதியவரும் அதற்கு இரண்டு வேறு ஆட்கள். ஒப்ஷன் கொம்பெயர் டெக்ஸ்ட் என்ற வரி அந்தப் பேதத்தை நீக்கும். முஹம்மது என்ற பெயரை ஒருவர் ஓ போட்டும் இன்னொருவர் யூ போட்டும் எழுதுவதை எந்த வரியாலும் நீக்க முடியாது. 2004 டிசம்பர் 26 அன்றைய சுனாமியில், இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். காணாமற் போனவர்கள், முகாம்களில் இருந்தவர்கள் என்ற பட்டியல்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்த அந்த நாட்களில்தான், இலங்கைத் தன்னார்வலர்கள் சஹனா என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பிறகு வேறு நாடுகளிலும் அது பயன்பட்டது. ஓர் ஆளை அவருடைய பெயரால் மட்டும் தேட முடியாது என்பதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, தமிழ். எக்செல் கட்டத்தில் பொத்துவில் என்று தமிழில் அடிக்கலாம், ஒரு குறையும் இல்லை. அதே சொல்லை வீபீஏ எடிட்டரில் அடித்தால் கேள்விக்குறிகள்தான் வரிசையாக நிற்கும். அந்த எடிட்டர் யூனிகோடுக்கு முந்திய காலத்து எழுத்துப் பட்டியல்களை நம்பி இருக்கிறது, விண்டோஸின் அந்தப் பட்டியல்களில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்படவே இல்லை. ஒரு சுற்றுவழி உண்டு. சீஎச்ஆர்டபிள்யூ என்ற செயற்கூற்றுக்கு ஒவ்வோர் எழுத்தின் யூனிகோட் எண்ணையும் கொடுத்து ஒட்ட வேண்டும். ப என்றால் 2986, ஒகரக் குறி 3018, த என்றால் 2980, புள்ளி 3021. நாம் ஐந்து எழுத்தாக எண்ணும் பொத்துவிலுக்கு இப்படிப் பத்து எண் வேண்டும். அந்தப் பாடு வேண்டாம் என்றால் தமிழ்ச் சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்து, மேக்ரோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். லிப்ரே ஒபிஸின் எடிட்டரில் மேற்கோள் குறிக்குள் தமிழை நேராகவே எழுதலாம். தமிழில் பில் கொடுக்க விரும்பும் கடைக்காரருக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

கேர்ட்ஸ் 2024 நவம்பரில் தன் 96ஆவது வயதில் காலமானார். கெமனி 1992இலேயே போய்விட்டார். எல்லோருக்கும் என்று அவர்கள் திறந்த கதவால்தான் பல்கலைக்கழகம் போகாத எங்கள் பொடியன்களும் உள்ளே வந்தார்கள். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் பொத்துவிலிலும் மேக்ரோ எழுதிக் கொடுக்கும் தம்பிமாரிடமும் தங்கச்சிமாரிடமும் ஒரு வேண்டுகோள். வெளிநாடு போவதற்கு முன் நீங்கள் எழுதிய கோப்பை ஒரு தடவை திறவுங்கள். ஒவ்வொரு மொட்யூலின் தலையிலும் ஒப்ஷன் எக்ஸ்பிளிசிட் எழுதுங்கள். அடையாள அட்டை இலக்கத்தை ஸ்ட்ரிங்காகவும் காசைக் கரன்சியாகவும் மாற்றுங்கள். பிறகு டீபக் பட்டியலில் கொம்பைல் என்பதை அமுக்கி, அது எந்தப் பெயரில் வந்து நிற்கிறது என்று பார்த்துத் திருத்திக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.